மூலை வெட்டிய அட்டை

மார்ச் 3

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இதற்கு முன் நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன். ஒழுங்கில்லாமல் எழுதினால் பாதி வழியில் தயங்கி நின்றுவிடுவேன். ஆகவே சொல்ல வேண்டியவற்றுக்கு முதலில் எண் போட்டுக்கொள்கிறேன்.

1. நான் யார், நாற்பத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு ஏன் எழுதுகிறேன்.
2. உங்கள் கரை மக்களின் நூலக அட்டைகளில் மூலையை வெட்டியவன் நான் என்பது.
3. அந்த வியாழக்கிழமை பிற்பகல் வாசிப்பு அறையில் நான் கண்டவை.
4. நான் கையெழுத்திட்ட வாக்குமூலம். அது இல்லாவிட்டாலும் தீர்ப்பு மாறியிருக்காது என்பது.
5. உங்களிடம் ஒரு கேள்வி.

முதலாவது. பொது நூலகத்தில் உதவி நூலகராக இருந்தவன் நான். வாசலுக்கு இடப்பக்க மேசை. காலையில் தரையைத் துடைத்துக்கொண்டே வந்து "காலத் தூக்குங்க சார்" என்பீர்கள். தூக்குவேன். ஆறு ஆண்டுகளில் நமக்குள் நடந்த பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். இப்போது எழுதக் காரணம், நூலக அறிவிப்புப் பலகையில் பார்த்த ஒரு தாள். ஆற்றின் இரு கரை மக்களையும் பிரித்து வைத்திருந்த பிரிவினைச் சட்டக் காலத்து வழக்குகளை மறுபடி விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்திருக்கிறார்கள். வாசிப்பு அறை வழக்கு மே இருபதாம் தேதி எடுத்துக்கொள்ளப்படுகிறது. உங்கள் முகவரியை அக்கரைச் சங்கத்தில் கேட்டு வாங்கினேன்.

இரண்டாவது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்கள் பின்பக்க ஜன்னலில்தான் புத்தகம் வாங்க வேண்டும். அதுவும் செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நான்கு மணிவரை. அவர்கள் திருப்பித் தரும் புத்தகங்களுக்குத் தனி அலமாரி. யார் எந்தக் கரை என்று பார்த்தவுடன் தெரிவதற்காக அட்டையின் வலது மேல் மூலையை வெட்டச் சொன்னார்கள். ஆயிரத்து நூறு அட்டைகளை வெட்டினேன். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று ஒரு தகரத் துண்டை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். தலைமை நூலகர் பாராட்டினார். சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது. இதில்தான் எனக்கு நிச்சயமில்லை. பல ஆண்டுகளாக இதே பிற்பகல் கனவிலும் வருவதால், கண்டது எது, கனவு எது என்று பிரிக்க முடியவில்லை. மேல் ஜன்னல்களின் பச்சைக் கண்ணாடி வழியே வெளிச்சம் குளத்தடி நீர்போல அறைக்குள் நின்றது. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. இரண்டேகால் மணிக்கு முன்வாசல் வழியாக ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வெளுத்த சட்டைகள். அலமாரிக்குப் போய் ஆளுக்கொரு புத்தகம் எடுத்து உட்கார்ந்தார்கள். கடைசியாக நீங்கள் வாளியையும் துடைப்பத்தையும் சுவரோரம் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, பதினேழாம் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

எழுந்து போகச் சொல்லவேண்டியது என் வேலை. சொல்லவில்லை, அது துணிச்சலால் அல்ல. மூலையில் இருட்டாக இருந்ததால், "அக்கா, விளக்குப் போடட்டுமா?" என்று கேட்டதாக நினைவு. கேட்டேனா, கனவா?

மூன்று நாற்பதுக்குப் போலீஸ் வந்தது. எல்லாரையும் தூக்கிப் போன பிறகு மேசைகளில் பதினேழு புத்தகங்கள் திறந்தபடி கிடந்தன. விசிறிக் காற்றில் தாள்களின் ஓரங்கள் எழும்பி எழும்பி அடங்கின. அடையாளம் தொலைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டு வைத்தேன்.

நான்காவது. அவர்கள் கூச்சலிட்டார்கள், நாற்காலிகளைத் தள்ளினார்கள் என்று தலைமை நூலகர் எழுதி வைத்திருந்த தாளில் மறுநாள் கையெழுத்திட்டேன். அது பொய். ஆனால் போலீஸ்காரர்களின் சாட்சியே போதுமானதாக இருந்தது. என் கையெழுத்து இல்லாவிட்டாலும் தீர்ப்பு அதேதான். இதை வைத்துத்தான் இத்தனை ஆண்டுகள் தூங்கினேன்.

ஐந்தாவது. அன்று உங்களோடு வந்திருந்த உங்கள் தம்பி இருக்கிறாரா? தண்டனையை நீக்கச் சொல்லி நீங்கள் இருவரும் கேட்பதாக இருந்தால், நான் சாட்சி சொல்ல வேண்டுமா?

இப்படிக்கு,
உதவி நூலகர் (ஓய்வு)

*

மார்ச் 19

அட்டை சாருக்கு,

உங்களுக்கு எங்க ஆளுங்க வெச்ச பேரு அதுதான். தெரியாதுன்னா இப்பத் தெரிஞ்சுக்குங்க.

நம்பர் போட்டு மன்னிப்புக் கேக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன். அதுலயும் மன்னிப்புன்ற வார்த்த மட்டும் எங்கயும் காணோம். அஞ்சு நம்பரையும் ரெண்டு தரம் தேடிட்டேன். கண்ணாடி போட்டும் தேடினேன்.

கேட்டீங்க சார். அது கனவு இல்ல. "விளக்குப் போடட்டுமா"ன்னு கேட்டீங்க. போட்டீங்களா? போடல. யாராவது பாத்துடுவாங்களோன்னு கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அப்படியே போய் உக்காந்துட்டீங்க. எனக்கு இருந்த படபடப்புல உங்களப் பாத்துச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்கக் கூடாதுன்னு உத்தரவு. உதட்டக் கடிச்சுக்கிட்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். அந்த வியாழக்கிழமைக்கு முன்னால ரெண்டு மாசம் சலவைக் கூடத்துல ஒத்திகை பாத்தோம். பாதிப் பேரு படிக்கணும், பாதிப் பேரு சுத்தி நின்னு திட்டணும், தலைல தண்ணி ஊத்தணும். தல நிமிந்தா தோத்தோம். சத்தம் வந்தா தோத்தோம். உங்க ரூம்ல எந்த நாற்காலி கிறீச்சுன்னு சத்தம் போடும்னு தெனம் துடைக்கறவளுக்குத் தெரியாதா? நாலு, பதினொண்ணு, இருபத்திரண்டு. அந்த மூணுலயும் யாரும் உக்காரலயே, கவனிச்சீங்களா? தாளத் திருப்பினா சரசரன்னு கேக்கக் கூடாதுன்னு என் தம்பி விரல நனைச்சு நனைச்சுப் பழகினான்.

அப்படி ஊமையாட்டம் உக்காந்தவங்க மேல, கத்தினோம்னு கேஸு. ஆம்பளைங்களுக்கு ஆறு மாசம், பொம்பளைங்களுக்கு மூணு.

தம்பி இருக்கான். என் கூடத்தான். தையல் மெஷின் ரிப்பேர் பாக்கறான். வாத்தியார் பரீட்சைல அந்த வருஷம் ரெண்டாவதா வந்தவன். வேலை உத்தரவு கைக்கு வந்தாச்சு, ஜூன்ல பள்ளிக்கூடம் போகணும். தண்டனைன்னதும் உத்தரவத் திருப்பி வாங்கிட்டாங்க. இப்பவும் மெஷின் முன்னாடி உக்காந்து "இங்க கவனி, எங்க பாக்கற"ன்னு அதட்டுவான். மெஷினும் கேக்கும்.

உங்க கடிதத்த அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். என்ன சொன்னான் தெரியுமா? "அந்த ஆளு நல்லவரு, அக்கா. ஆகாதவன் கையெழுத்துப் போட்டிருந்தா எவனும் நம்பியிருக்க மாட்டான்."

சொல்லிட்டு ஊசியக் கழட்டி மாட்ட ஆரம்பிச்சுட்டான்.

துடைக்கிறவள் (ஓய்வு)

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது தெரியாது. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன். தாளில் அது என்னைப் பற்றியதாகவே இருந்தது. அதனால் விட்டுவிட்டேன். இது சரியா என்று தெரியவில்லை.

நாற்காலி விஷயத்தைப் படித்தபின் என் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். வாசிப்பு அறையைச் சுற்றிவந்து யார் எங்கே என்ன படிக்கிறார்கள் என்று குறிப்பது அங்கே வழக்கம். யாரும் அதைக் கேட்டதில்லை. அன்றும் குறித்திருக்கிறேன். இரண்டரைக்கு ஒரு சுற்று. ஆட்களைத் தூக்கிப் போன பிறகு, துண்டு வைக்கும்போது, இன்னொரு சுற்று. நாற்காலி எண், புத்தகம், பக்கம். நான்கு, பதினொன்று, இருபத்திரண்டு காலி. நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது.

உங்கள் தம்பி ஆறாம் நாற்காலி. கடல் நீரோட்டங்கள் பற்றிய புத்தகம். ஒன்பதாம் பக்கத்திலிருந்து ஐம்பத்து மூன்று வரை போயிருக்கிறார். நீங்கள் அகராதி, அதில் இருபது பக்கம் எப்படிப் படித்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டாம் நாற்காலிப் பெரியவர் மட்டும் முதல் பக்கத்தை விட்டு நகரவேயில்லை.

கூச்சலிட்டவர்கள் நாற்பத்து நான்கு பக்கம் படித்திருக்க முடியாது. இதுவே சாட்சியம். நாற்பத்தோரு ஆண்டுகளாக என் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. விசாரணையின்போது யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சிறு வயதில் படித்த வரலாற்றுப் புத்தகங்களில் உரிமை என்பது ஏதோ ஒரு நாள் அறிவிக்கப்படும் பொருளாக இருந்தது. உங்கள் சங்கத்தில் முகவரி கேட்கப் போனபோது சுவரில் மூன்று மனுக்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். முதல் மனுவில் நாற்பது கையெழுத்து. இரண்டாவதில் அறுநூறு. மூன்றாவதில் பாதிக்கு மேல் கைரேகை. பதினோரு ஆண்டுகள். மூன்றுக்கும் ஒரே பதில்: கவனத்தில் கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகுதான் நீங்கள் அனுமதி கேட்காமல் போய் உட்காரத் தொடங்கினீர்கள்: பேருந்தில் முன் இருக்கை, ஆஸ்பத்திரியில் ஒரே வரிசை, கடைசியில் எங்கள் அறை. பிரிவினைச் சட்டம் மேலும் இரண்டு ஆண்டு கழித்துப் போயிற்று. உங்கள் வழக்கு அந்தச் சட்டத்தில் போடப்படவில்லை. பொது அமைதியைக் கெடுத்ததாகப் போடப்பட்டது. ஆகவே சட்டம் போன பிறகும் தண்டனை மட்டும் நின்றுவிட்டது.

நேற்று மதியம் கண்ணயர்ந்தபோது மறுபடி அந்த அறை. பதினேழு பேரும் படித்துக்கொண்டே இருக்கிறீர்கள். மூடும் நேரம் ஆயிற்று என்று நான் சொல்ல வேண்டும். வாய் திறக்கிறேன். எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரு தாளைப் புரட்டுகிறீர்கள். அறை மிதக்கத் தொடங்குகிறது. நான் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

*

ஏப்ரல் 20

சார்,

பன்னிரண்டாம் நாற்காலி என் மாமனார். மூட்டை தூக்கறவரு. எழுத்தே தெரியாது. "நான் வந்து என்னம்மா பண்ணப் போறேன்"னாரு. "உக்காருங்க மாமா, உக்காந்தா போதும்"னு கூட்டிட்டு வந்தேன். முதல் பக்கத்துல ஒரு பாய்மரக் கப்பல் படம் இருந்துச்சாம். "நல்லா இருந்துச்சும்மா, அதுக்கப்புறம் எதுக்கு அடுத்த பக்கம்"னு ஜெயிலுக்குப் போற வண்டில சொல்றாரு. வண்டியே சிரிச்சுச்சு. பின்னால உக்காந்திருந்த போலீஸ்காரனும் சிரிச்சுட்டான்.

அகராதி ஏன்னு கேட்டீங்க. கைக்கு முதல்ல கெடச்சது அதுதான். தெனம் தூசி தட்டற புத்தகம், உள்ள என்ன இருக்குன்னு ஒரு தரமாவது பாக்கணும்னு இருந்துச்சு. வார்த்தைக்கு வார்த்தை படிக்கல சார், சும்மா மேஞ்சேன். அம்மாடி, எத்தன வார்த்த!

பதினேழு பேர்ல இன்னும் ஆறு பேருதான் இருக்கோம். மனு போட்டாச்சு. சங்கத்து வக்கீல் சொல்றாரு, நூலகத்து ஆளு ஒருத்தர் வந்து சொன்னாத்தான் நிக்குமாம். எங்க பேச்ச எப்பவும் போல கவனத்தில் கொள்வாங்க.

தம்பிகிட்ட நீரோட்டப் புத்தகத்தப் பத்திச் சொன்னேன். மெஷினுக்கு எண்ணெய் விட்டு முடிச்சான். அப்புறம், "அம்பத்து மூணா? நான் அறுபது தாண்டினதா நெனச்சேன்"னான். அன்னிலேருந்து அவன் எந்த நூலகத்துக்குள்ளயும் கால் வைக்கல சார். பக்கத்துத் தெருவுலயே ஒண்ணு இருக்கு. "குத்தவாளின்னு எழுதி வெச்சிருக்கற வரைக்கும் நான் ஏன்க்கா போகணும், அவங்களே அந்த எழுத்த அடிச்சுட்டுக் கூப்பிடட்டும்"கறான். அறுபத்தாறு வயசு. நேத்து மாடிப்படில மூச்சு வாங்கி உக்காந்துட்டான்.

எனக்கு முட்டி ரெண்டும் போச்சு, நம்ம ஊரு வரைக்கும் ரயிலேறி வர முடியாது. அவனும் வர மாட்டான். நீங்க போங்க. கேள்வி கேட்டீங்கல்ல, சாட்சி சொல்லணுமான்னு. அதுக்குத்தான் பதில். போங்க.

*

மே 6

அக்காவுக்கு,

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் போவது சந்தேகம்.

மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்பா, பொய் சாட்சி சொன்னேன்னு நீங்களே போய் மைக்ல சொல்லப் போறீங்களா? பேப்பர்ல வரும். என் ஆபீஸ்ல என்னன்னு கேப்பாங்க? எனக்கு அப்படியே காது சுடுது" என்றான். அவன் கெட்டவன் அல்ல. என்னைப் போலத்தான்.

மருமகள் சமையலறையிலிருந்தே, "மாமா, அன்னிக்குப் பேசாம இருந்தீங்க. இன்னிக்கும் பேசாம இருந்தா எல்லாம் ஒரே அளவா இருக்கும். உங்களுக்குத்தான் அது பிடிக்குமே" என்றாள். கேலியா, கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, "மதிப்பிற்குரிய ஆணையத்துக்கு" என்று தொடங்கினேன். அதற்குமேல் போகாமல் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நோட்டுப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவிட்டால் போதாதா? பக்க எண்களே பேசுமே. எனக்கு எழுபத்து நான்கு வயது. இரத்த அழுத்தம் இருக்கிறது. இவற்றைக் காரணமாகச் சொல்லவில்லை, சொல்லிப் பார்க்கிறேன்.

*

மே 11

சார்,

நோட்டு தபால்ல போகும். நோட்டப் பாத்து எதிர்த்தரப்பு வக்கீல் கேப்பான், இது எவன் எழுதினதுன்னு. நோட்டு எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுமா?

கூண்டுல நிக்கறப்ப எனக்குக் கால் எப்படி நடுங்குச்சு தெரியுமா? பாவாடைக்குள்ள நடுங்கினதால யாருக்கும் தெரியல. அவ்வளவுதான் சார் வித்தியாசம். நீங்க வேட்டி கட்டிட்டுப் போங்க.

ஒண்ணு மட்டும். நான் விடுதலையாகி வந்த வாரம், நீங்க ஆத்துப் பாலத்து நடுவுல வந்து நின்னத எங்க வீட்டு மாடிலேருந்து பாத்தேன். அரை மணி நேரம் தண்ணியப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டீங்க. நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. அதுல எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு.

இந்தத் தரம் கூப்பிடறேன். மீதிப் பாலத்தையும் நடந்து வாங்க.

*

மே 22

அக்காவுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நீதிமன்றக் கட்டடம், மூன்றாம் மாடி. வேட்டி கட்டித்தான் போனேன். மருமகள் தண்ணீர்ப் பாட்டிலுடன் பின்வரிசையில் உட்கார்ந்தாள். மகன் வரவில்லை, ஆனால் காலையில் என் செருப்பைத் துடைத்து வைத்திருந்தான்.

ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் ஓர் அம்மையார். மெதுவாகப் பேசினார். அந்தக் கூடத்திலும் உயரத்தில் ஜன்னல்கள் இருந்தன; பகல் வெளிச்சம் சாய்ந்து விழுந்து தூசி மிதந்தது. என் பெயரைக் கூப்பிட்டபோது விழித்திருக்கிறேனா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. எழுந்தேன். கால் நடுங்கியது. கூச்சல் இல்லை, நாற்காலி எதுவும் நகரவில்லை, நான் கையெழுத்திட்டது பொய் என்று சொன்னேன். சின்னக் குரல்தான். அம்மையார், "இன்னொரு தரம் சொல்லுங்க ஐயா, பதிவாகணும்" என்றார். இன்னொரு தரமும் சொன்னேன். இரண்டாம் முறை கொஞ்சம் எளிதாக இருந்தது.

பிறகு நோட்டைக் கொடுத்தேன். நாற்காலி நாற்காலியாகப் படித்தார்கள். பன்னிரண்டாம் நாற்காலி வந்தபோது உங்கள் மாமனாரையும் கப்பலையும் சொன்னேன். கூடமே சிரித்தது. அம்மையாரும் சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்து எதிர்த்தரப்பான நகரசபையின் வக்கீல் எழுந்தார். இளவயதுக்காரர், மரியாதையாகவே பேசினார். பழைய வாக்குமூலத்தை என் கையில் கொடுத்து, "இது உங்க கையெழுத்துதானே? ஓரத்துல ஒரு திருத்தம் இருக்கே, அது என்னன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

இதை நான் உங்களுக்கு எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. மறைக்கவில்லை, முக்கியமில்லை என்று நினைத்திருந்தேன். தலைமை நூலகர் எழுதிய தாளில் 'பத்தொன்பது பேர்' என்று இருந்தது. எண்ணிக்கை தவறு என்று கண்ணில் பட்டது. "ஐயா, பதினேழு" என்றேன். "சரி, திருத்துங்க" என்றார். அடித்து, மேலே பதினேழு என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். அடுத்த வரியில்தான் 'கூச்சலிட்டனர்' என்று இருந்தது. அதைப் படித்தேன். பேனாவை மூடிவிட்டேன்.

வக்கீல் பழைய தீர்ப்பை எடுத்து ஒரு பத்தியை வாசித்தார். நான் அந்தத் தீர்ப்பை அதுவரை படித்ததேயில்லை. படிக்கப் பயம். இரவல் வாங்கிப் பிரதி எடுத்து வந்திருக்கிறேன். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்:

"காவலர் மூவரின் சாட்சியங்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் அவற்றை இந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயினும் உதவி நூலகரின் வாக்குமூலம் வேறு வகைப்பட்டது. எண்ணிக்கையில் இருந்த சிறு பிழையைக்கூட அவர் திருத்தி ஒப்பமிட்டிருப்பதால், ஒவ்வொரு சொல்லையும் உண்மை என உறுதிசெய்துகொண்டே கையெழுத்திட்டார் என்பது விளங்குகிறது. அந்த ஒரு வாக்குமூலத்தின் அடிப்படையிலேயே குற்றம் நிரூபணமானதாகக் கொள்கிறேன்."

"அவ்வளவு கவனமா இருந்தவரு, அப்ப பொய்யில கையெழுத்துப் போட்டேன்னு இப்பச் சொன்னா எப்படி ஐயா நம்பறது?" என்று வக்கீல் கேட்டார்.

எத்தனை பேர் என்பதில் எனக்குப் பயமில்லை, என்ன செய்தார்கள் என்பதில் பயம் இருந்தது, ஆகவே பயமில்லாததை மட்டும் திருத்தினேன் என்று சொன்னேன். வக்கீல் வாக்குமூலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பிறகு, கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

மூன்றரை மணிக்கு அம்மையார் உத்தரவை வாசித்தார். பதினேழு பேரின் தண்டனையும் அடியோடு நீக்கப்படுகிறது. இறந்தவர்களுக்கும் சேர்த்து. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். உங்கள் பெயர் வந்தபோது என் மருமகள் எழுந்து நின்றாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை என்று பிறகு சொன்னாள். சான்றிட்ட நகல் இரண்டை இதனுடன் வைத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று தம்பிக்கு.

எல்லாரும் போன பிறகு நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பழைய பத்தியை மறுபடி படித்தேன். ஐந்து முறை இருக்கும். காவலர் மூவரையும் அவர் நம்பவில்லை. வேறு சாட்சி கிடையாது. நான் அந்தத் தாளைக் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்திருந்தால், வழக்கு அன்றே தள்ளுபடி ஆகியிருக்கும்; உங்கள் தம்பி அந்த ஜூன் மாதம் ஒரு வகுப்பறைக்குள் போயிருப்பார். என் முதல் கடிதத்தில் நான்காவதாக எழுதியது தவறு, அக்கா.